வைணு பாப்பு: கிரேக்கர்களின் பழைய கேள்விகளோடு ஜவ்வாது மலை ஏறிய வானியலாளர்

1982 ஆகஸ்ட். கிரேக்க நாட்டின் பத்ராஸ் நகரத்தில் உலகம் முழுக்க இருந்து வானியலாளர்கள் கூடியிருந்தார்கள். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பொதுச்சபைக் கூட்டம் அது. அந்த ஒன்றியத்துக்கு அப்போது ஓர் இந்தியர்தான் தலைவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியரும் அவரே. ஆனால் கூட்டத்தில் அவர் இல்லை. ஜெர்மனியின் முனிக் நகரத்தில் இதய அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருந்தார். கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் 19 அன்று, அவர் இறந்துவிட்டார். வயது 55.

அவர் பெயர் மணாலி கல்லாட் வைணு பாப்பு.

வானியல் என்ற துறைக்கு அடித்தளம் போட்ட நாட்டில் அவர் தலைமை ஏற்க வேண்டிய கூட்டம் நடக்கிறது. அதே சமயம், சுமார் ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி வாணியம்பாடிக்கு மேலே இருக்கும் மலையில் அவர் திட்டமிட்ட தொலைநோக்கி பாதி வேலையில் நிற்கிறது. அவருடைய கதையைச் சொல்ல இந்த இரண்டு இடங்களுமே தேவை.

ஆம்பூர் பக்கத்தில் இப்படி ஒரு இடமா?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது தோல், ஷூ, பிரியாணி. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு டேனரி வாடையை வைத்தே ஊர் வந்துவிட்டது தெரியும். அதே வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வரும். காட்டுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக குவிமாடங்கள் தெரியும். இந்திய வான் இயற்பியல் மையத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இதுதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். இன்று திருப்பத்தூர் மாவட்டம். பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த 1960களில் வட ஆற்காடு மாவட்டம்.

அவர் ஏன் இங்கே வந்தார் என்பதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால், 2,300 வருடம்!

கிரேக்கர்கள் என்னதான் சொன்னார்கள்?

வானத்தைப் பார்த்து நாள் கணக்கு வைப்பதில் பாபிலோனியர்கள் கிரேக்கர்களுக்கு முன்னாலேயே கில்லாடிகள். கிரேக்கத் தத்துவவாதிகள் அதில் புதிதாகச் சேர்த்தது ஒரு பிடிவாதம். வானத்தில் நடப்பது எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும், அதை வடிவியலால் விளக்க முடிய வேண்டும் என்றார்கள். கிரகங்கள் தாறுமாறாகப் போவதுபோலத் தெரிந்தாலும், அதற்குப் பின்னால் சீரான வட்டச் சுழற்சிகள்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பிளேட்டோவின் வட்டாரத்திலிருந்து வந்தது. அடுத்த 2,000 ஆண்டு வானியலின் வேலைத்திட்டமே அதுதான்.

அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில், இதை முழுக் கோட்பாடாக ஆக்கினார். நிலவுக்குக் கீழே இருப்பதெல்லாம் நிலம், நீர், காற்று, நெருப்பு. இங்கே எல்லாம் பிறக்கும், அழியும். நிலவும் அதற்கு மேலே இருப்பதும் ஐந்தாவது பொருளான ஈதரால் ஆனவை. அங்கே எதுவும் மாறாது. அப்படியானால் திடீரென்று வந்து திடீரென்று மறையும் வால்நட்சத்திரம்? அது வானத்தைச் சேர்ந்ததே இல்லை, நம் காற்று மண்டலத்தின் மேல்பகுதியில் பற்றி எரியும் ஒருவித ஆவி என்று முடித்துவிட்டார்.

இதைக் கேட்டு இன்று சிரிப்பது சுலபம். ஆனால் இதே அரிஸ்டாட்டில்தான் பூமி உருண்டை என்பதற்கு உருப்படியான ஆதாரம் கொடுத்தவர். சந்திர கிரகணத்தில் நிலவின் மேல் விழும் பூமியின் நிழல் வளைவாக இருக்கிறது என்றார். எகிப்திலும் சைப்ரஸிலும் தெரிகிற சில நட்சத்திரங்கள் வடக்கே போனால் தெரிவதில்லை என்பதையும் கவனித்தார். இந்த இரண்டாவது விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காவலூருக்கு வரும்போது தேவைப்படும்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சாமோஸ் தீவைச் சேர்ந்த அரிஸ்டார்க்கஸ், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொல்லிவிட்டார். பெரும்பாலானவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் மறுப்பு ஒன்றும் மடத்தனமானது அல்ல. பூமி நகர்ந்தால், ஆறு மாத இடைவெளியில் பார்க்கும்போது நட்சத்திரங்கள் கொஞ்சம் இடம் மாறித் தெரிய வேண்டுமே? பேருந்து ஜன்னலில் பக்கத்து மரம் நகர்வதுபோல. அப்படி எதுவும் தெரியவில்லை. நட்சத்திரங்கள் கணக்கிட முடியாத தூரத்தில் இருக்கின்றன என்பதுதான் அதற்குப் பதில். ஆனால் அந்தத் தூரத்தை அளக்க அன்று யாரிடமும் வழி இல்லை. 2,000 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1838இல்தான் பெசல் என்ற ஜெர்மானியர் ஒரு நட்சத்திரத்தின் அந்த இடமாற்றத்தை அளந்து வெளியிட்டார்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வந்த ஹிப்பார்க்கஸ் நட்சத்திரப் பட்டியல் போட்டார். பளிச்சென்று தெரிபவை முதல் வகுப்பு, கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிபவை ஆறாம் வகுப்பு. அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தப் பிரிவை தாலமி தன் நூலில் எடுத்தாண்டார். எண் கூடக்கூட வெளிச்சம் குறையும். பள்ளிக்கூட ரேங்க் மாதிரி. இந்த முறை இன்றும் மாறவில்லை. 1856இல் இதற்கு ஒரு துல்லியமான கணக்கு கொடுத்தவர் நார்மன் போக்சன். முதல் வகுப்பு நட்சத்திரம் ஆறாம் வகுப்பைவிட சரியாக 100 மடங்கு பிரகாசம் என்று வரையறுத்தார். இந்தப் போக்சன் பிறகு 1861இல் மெட்ராஸ் வானாய்வகத்துக்கு வந்து, 30 ஆண்டு பணியாற்றி, 1891இல் சென்னையிலேயே இறந்தார். நுங்கம்பாக்கத்தில் இருந்த அந்த வானாய்வகத்தின் வாரிசுதான் கொடைக்கானல் வானாய்வகம். அதன் வாரிசுதான் காவலூர்.

(கிரேக்கத் தடம் இன்னும் பக்கத்திலும் இருக்கிறது. நாள்காட்டியில் சுக்கிர ஹோரை, குரு ஹோரை என்று பார்க்கிறோமே, அந்த ஹோரை கிரேக்கத்தில் நேரத்தைக் குறிக்கும் ஹோரா என்ற சொல்தான். சோதிடத்தில் வரும் கேந்திரமும் அங்கிருந்து வந்ததே.)

ஹைதராபாத்திலிருந்து ஹார்வர்டுக்கு

வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் வட கேரளம். வளர்ந்தது ஹைதராபாத்தில். அப்பா அங்கிருந்த நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். மற்ற பிள்ளைகள் மாலையில் மைதானத்துக்குப் போவதுபோல, இவருக்குத் தொலைநோக்கி. ஒரே பிள்ளை வேறு.

நிஜாம் கல்லூரியில் படிக்கும்போதே மாறொளி நட்சத்திரங்களைக் கவனித்துக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். வெளிச்சம் கூடிக்குறையும் நட்சத்திரங்கள் அவை. வானத்தில் எதுவும் மாறாது என்ற கோட்பாட்டுக்கு எதிரான சாட்சிகளோடுதான் அவருடைய பழக்கமே தொடங்கியது என்று சொல்லலாம்.

படிப்பு முடிந்ததும் சிக்கல். அன்றைய இந்தியாவில் வானியலை மேலே படிக்க இடமே கிடையாது என்ற நிலை. ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநர் ஹார்லோ ஷாப்லி ஹைதராபாத் வந்தபோது பாப்பு அவரைச் சந்தித்தார். நம் பால்வெளி மண்டலத்தின் நடுவில் சூரியன் இல்லை, ஓரமாகத்தான் இருக்கிறது என்று காட்டியவர் ஷாப்லி. பூமியை நடுவில் வைத்த கிரேக்க வரைபடத்துக்கு இன்னொரு அடி கொடுத்தவர். அந்தச் சந்திப்பு வழிவிட்டது. ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் பாப்பு 1949இல் ஹார்வர்டு போய்ச் சேர்ந்தார்.

போன சில மாதத்திலேயே ஒரு வால்நட்சத்திரம்

1949 ஜூலை 2. வானத்தைப் படம் பிடிப்பது ஹார்வர்டில் வழக்கமான வேலை. கண்ணாடித் தகட்டில் பதிவான படத்தைக் கழுவிப் பார்க்கும்போது, நட்சத்திரப் புள்ளிகளுக்கு நடுவே இருக்கக் கூடாத ஒன்று இருப்பதை 21 வயது பாப்பு கவனித்தார். புது வால்நட்சத்திரம்! பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் கார்டன் நியூகிர்க் இருவரும் அதை உறுதிசெய்யும் வேலையில் சேர்ந்துகொண்டார்கள். பாப்பு - போக் - நியூகிர்க் என்று அதற்குப் பெயர் வந்தது. பசிபிக் வானியல் சங்கம் அவருக்கு டோனோ பதக்கம் கொடுத்தது.

அரிஸ்டாட்டில் வால்நட்சத்திரத்தைக் காற்று மண்டலத்துக்குள் அடைத்துவைத்தாரே, அந்தக் கருத்து 1577 வரைக்கும் ஓடியது. அந்த ஆண்டு தோன்றிய வால்நட்சத்திரத்தை டென்மார்க்கின் டைக்கோ பிராஹே அளந்து பார்த்து, அது நிலவுக்கும் அப்பால் இருக்கிறது என்று காட்டினார். அவர் பயன்படுத்தியது, அரிஸ்டார்க்கஸுக்கு எதிராகக் கேட்கப்பட்டதே, அதே இடமாற்ற வாதத்தை. கிரேக்கர்களின் முடிவு தப்பு என்று நிரூபிக்க கிரேக்கர்களின் வடிவியலே போதுமானதாக இருந்தது. வானியல் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

சுண்ணாம்புக் குழியும் நட்சத்திரமும்

1952இல் முனைவர் பட்டம். அடுத்து கார்னெகி உதவித்தொகையில் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன், பாலோமர் வானாய்வகங்கள். அன்றைக்கு உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகள் இருந்த இடம். அங்கேதான் ஓலின் வில்சனோடு சேர்ந்து, பாடநூல்களில் இன்றும் அவர் பெயரில் இருக்கும் வேலையைச் செய்தார்.

அது என்ன? நெடுஞ்சாலையில் ராத்திரி நிற்கிறீர்கள். தூரத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. பக்கத்தில் வரும் பைக்கா, தொலைவில் வரும் லாரியா? வெளிச்சத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நட்சத்திரங்களிலும் இதே தலைவலிதான். ஹிப்பார்க்கஸின் முதல் வகுப்பு நட்சத்திரம் உண்மையிலேயே பிரம்மாண்டமானதாக இருக்கலாம். அல்லது சும்மா பக்கத்தில் இருக்கலாம். பெசல் அளந்த இடமாற்றம் அருகில் உள்ள நட்சத்திரங்களுக்குத்தான் உதவும். அதற்கு மேலே போனால் அந்தக் கோணம் அளக்க முடியாத அளவுக்குச் சிறிது.

நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கென்று சொந்தக் கோடுகள் உண்டு. ஆதாருக்குக் கைரேகை மாதிரி. ஊதா நிறப் பகுதியில் கால்சியத்தின் கோடு ஒன்று இருக்கிறது, அதற்குப் பெயர் கே கோடு. சூரியனைப் போன்ற, அதைவிடக் குளிர்ச்சியான நட்சத்திரங்களில் இந்தக் கறுப்புக் கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தெரியும். வில்சனும் பாப்புவும் 185 நட்சத்திரங்களில் அந்தக் கீற்றின் அகலத்தை அளந்தார்கள். கீற்று அகலமாக இருந்தால் நட்சத்திரம் உண்மையிலேயே அதிகப் பிரகாசம். ஒடுங்கி இருந்தால் மங்கல். இந்த உறவு குட்டி நட்சத்திரம் முதல் ராட்சத நட்சத்திரம் வரை பிசகாமல் வந்தது. ஆக, கீற்றின் அகலத்தை அளந்தால் உண்மையான பிரகாசம் தெரியும். அதை வானத்தில் தெரிகிற பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும். வருவது பைக்கா லாரியா என்று கண்டுபிடித்தாயிற்று! 1957இல் இது வெளியானது. இன்றும் வில்சன் - பாப்பு விளைவு என்றே பெயர்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பச்சைத் தோலிலிருந்து முடியை நீக்க அதைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போடுவார்கள். டேனரிக்குள் போயிருப்பவர்களுக்கு அந்தக் குழிகள் தெரியும். அந்தச் சுண்ணாம்பில் இருப்பதும் கால்சியம். பாப்பு அளந்த நட்சத்திரங்களில் இருப்பதும் அதே கால்சியம். மேலே ஈதர், கீழே நிலம் நீர் என்று அரிஸ்டாட்டில் போட்ட எல்லைக்கோட்டை, நிறமாலை இப்படி ஒரேயடியாக அழித்துவிட்டது.

திரும்பி வந்தார், ஆனால் எங்கே?

அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். ஹார்வர்டு பட்டம், பாலோமர் அனுபவம், கையில் பதக்கம். ஆனால் திரும்பினார். அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த உத்தரப் பிரதேச மாநில வானாய்வகத்தின் பொறுப்பு 1954இல் அவரிடம் வந்தது. வாரணாசியின் தூசும் புகையும் சரிப்படாது என்று வானாய்வகம் நைனிடாலுக்கு இடம் மாறியது. எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதுதான் என்ன பார்க்கிறோம் என்பதை முடிவு செய்கிறது. பாப்பு இதை விட்டுக்கொடுக்கவே இல்லை.

1960இல், 33 வயதில், கொடைக்கானல் வானாய்வக இயக்குநர். 1899இல் தொடங்கிய இந்த இடத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே சூரியனைத் தினமும் படம் எடுத்துச் சேர்த்துவைத்திருந்தார்கள். அதில் கால்சியம் கே கோட்டு ஒளியில் எடுத்த படங்களும் உண்டு. பாப்புவுக்கு வேறென்ன வேண்டும்? தூர நட்சத்திரங்களில் தான் அளந்த அந்தக் கீற்று, சூரியனின் மேற்பரப்பில் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று கே. ஆர். சிவராமனோடு சேர்ந்து தேடினார். 1971இல் அந்த ஆய்வு வெளியானது. மாசு மருவற்றது என்று நம்பப்பட்ட சூரியன், கே கோட்டில் பார்த்தால் புள்ளியும் திட்டுமாக, நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்று.

ஆனால் சூரியனுக்குக் கொடைக்கானல் ஓகே, நட்சத்திரத்துக்கு ஓகே இல்லை. சுற்றுலாப் பயணிகளை இழுக்கும் அந்த மேகமும் பனிமூட்டமும்தான் இரவு வானியலின் எதிரி. தென்னிந்தியாவில் வேறு இடம் தேட ஆரம்பித்தார்.

ஏன் காவலூர்?

இமயமலைக்குப் போயிருக்கலாமே என்று தோன்றும். பாப்பு தெற்கையே பிடித்துக்கொண்டதற்குக் காரணம், எகிப்தில் தெரியும் நட்சத்திரம் வடக்கே தெரியாது என்று அரிஸ்டாட்டில் கவனித்த அதே விஷயம்.

அகத்திய நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். ஏதென்ஸிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. தெற்கே ரோட்ஸ் தீவில் அடிவானத்தை உரசிவிட்டுப் போகும். அலெக்சாண்டிரியாவில் கொஞ்சம் மேலே ஏறும். இந்த வித்தியாசத்தை வைத்து பொசிடோனியஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி பூமியின் சுற்றளவையே கணக்கிட்டார். காவலூரில் அதே நட்சத்திரம் சுமார் 25 டிகிரி உயரத்துக்கு வருகிறது. சும்மா நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும்.

காவலூரின் அட்சரேகை சுமார் 12.6 டிகிரி வடக்கு. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் வட வானத்தோடு தென் வானத்திலும் பெரும்பகுதி கிடைக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த பெரிய தொலைநோக்கிகளுக்குத் தெற்கின் பல பொருள்கள் எட்டவே எட்டாது. போதாததற்கு, சுற்றிலும் மலையும் காடும். பெரிய நகரத்தின் வெளிச்சம் கிடையாது. சென்னை, பெங்களூரு இரண்டிலிருந்தும் போய்வரலாம். வனப்பகுதியில் சுமார் 40 ஹெக்டேர் கிடைத்தது.

1968இல் வேலை தொடங்கியது. முதல் தொலைநோக்கி 38 சென்டிமீட்டர், கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. 1972இல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் ஜெனா நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1971இல் கொடைக்கானல் வானாய்வகம் இந்திய வான் இயற்பியல் மையம் என்ற தன்னாட்சி நிறுவனமாக மாறியிருந்தது. முதல் இயக்குநர் பாப்பு.

புது 1 மீட்டர் தொலைநோக்கி வந்த வேகத்திலேயே வேலையைக் காட்டியது. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் கானிமீட் நிலவு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் பதிவு செய்தார்கள். நட்சத்திரம் பட்டென்று அணையவில்லை. கானிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான அறிகுறி அது. பின்னால் போன வாயேஜர் விண்கலம், அப்படி இருந்தாலும் அது மிக மிக மெல்லியதுதான் என்று திருத்தியது. ஹப்பிள் தொலைநோக்கி 1990களில் அங்கே ஆக்சிஜன் சுவடு இருப்பதைக் கண்டது.

அடுத்தது இன்னும் பெரிது. 1977 மார்ச் 10. கிரேக்கர்களின் வானக் கடவுள் பெயரைக் கொண்ட யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தைக் கடந்தது. கிரகம் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் ஒரு கணம் மங்கித் திரும்பியதைக் காவலூர் கருவிகளும் பதிவுசெய்தன. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன! கண்டுபிடிப்பை முதலில் அறிவித்த பெருமை பறக்கும் வானாய்வகத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவுக்குப் போனது. ஆனால் அன்றிரவு அதைப் பதிவுசெய்த மிகச் சில இடங்களில் ஒன்று வாணியம்பாடிக்கு மேலே இருக்கிறது என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

2.34 மீட்டர் கண்ணாடி

பாப்புவின் மனசு முழுக்க இருந்தது அடுத்த கருவியில்தான். 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கி. வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்கலாம். 1 மீட்டரை அப்படித்தான் வாங்கினார்கள். இதை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று முடிவு செய்தார்.

இது வெறும் வீம்பு அல்ல என்றுதான் தோன்றுகிறது. வாங்கிய கருவி பழுதானால் திரும்ப வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும். செய்யத் தெரிந்த கைகள் இருந்தால் அடுத்ததையும் செய்யலாம். ஆனால் இதற்கு விலையும் உண்டு, அது காலம். பல டன் எடையைத் தாங்கிக்கொண்டு வானத்தின் சுழற்சிக்கு ஈடாக மெல்லத் திரும்பும் அமைப்பை, அதுவரை அப்படி ஒன்றைச் செய்தே இராத இந்தியத் தொழிற்சாலைகள் செய்ய வேண்டும். கண்ணாடிக்கான மூலக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்து வளைவு கொண்டுவந்தவர்கள் இங்குள்ளவர்கள். தலைமுடியின் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாது, கலங்கிவிடும். தேய்ப்பது, அளப்பது, மறுபடி தேய்ப்பது. வருடக்கணக்கில் இதேதான்.

நடுவில் பொறுப்புகளும் கூடின. 1972இல் இந்திய வானியல் சங்கம் உருவானதில் முன்னின்றார். 1979இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவர். 1981இல் பத்ம பூஷண். பத்ராஸ் கூட்டத்தை நடத்திவிட்டுத் திரும்பும்போது பதவிக்காலம் முடிந்திருக்கும். மிச்சம் இருந்தது கண்ணாடி வேலை மட்டும்தான். 1982 ஆகஸ்டில் முனிக்கில் எல்லாம் முடிந்துபோனது.

அவர் இறந்தபோது தொலைநோக்கி தயாராகவில்லை. அது நட்சத்திரத்தைக் காட்ட இன்னும் மூன்று ஆண்டு ஆனது. தொடங்கிவைத்தவருக்கு ஒரே ஒரு இரவுகூட அதன் வழியே பார்க்கக் கிடைக்கவில்லை. கார்ல் ஜெய்ஸிடமே இன்னொன்று வாங்கியிருந்தால் பார்த்திருப்பாரா? இருக்கலாம். ஆனால் இந்தியாவில் பெரிய தொலைநோக்கி செய்யத் தெரிந்த ஒரு குழு உருவாகியிருக்காது.

1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் வந்து தொலைநோக்கியைத் திறந்துவைத்தார். தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்பு பெயர் சூட்டப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1988இல், இதே காவலூரிலிருந்து ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டு அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது. பாப்பு பெயரிலும் ஒரு சிறுகோள் சுற்றிக்கொண்டிருக்கிறது, எண் 2596.

இப்போது காவலூர்

பாப்பு இடம் தேடிய நாட்களில் கீழே இருந்த ஊர்கள் சின்னவை. இன்று நெடுஞ்சாலை நெடுக விளக்கு, தொழிற்சாலை, கல்யாண மண்டபம், எல்இடி விளம்பரப் பலகை. அந்த வெளிச்சம் மேலே போய்ச் சிதறி மங்கலான நட்சத்திரங்களை விழுங்கிவிடுகிறது. இந்திய வான் இயற்பியல் மையத்தின் அடுத்த பெரிய தொலைநோக்கி லடாக்கின் ஹான்லேவுக்குப் போனது. வானம் அங்கே அவ்வளவு இருட்டு, அவ்வளவு உலர்ந்த காற்று. ஆனால் ஹான்லேயிலிருந்து தெற்கு வானம் இந்த அளவுக்குத் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் காவலூருக்கு அட்சரேகை கொடுத்த சலுகை இன்னும் இருக்கிறது. தெரு விளக்குகளுக்கு மேல்பக்கம் மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் விழவைப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலையும் அல்ல.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம். கிளம்பும் முன் இந்திய வான் இயற்பியல் மையத்தின் இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் போனால் மேகத்தைத்தான் பார்க்க முடியும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பிப்ரவரியில் போனால், இருட்டியதும் தெற்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள். மலை விளிம்புக்கு மேலே தனியாக ஒன்று பளிச்சென்று நிற்கும். அதுதான் அகத்திய நட்சத்திரம்.